இதர இனங்கள்

"அப்பா, நான் விடுற மூச்சையும் கணக்குல சேர்ப்பாங்களா?"

யாழ்மொழி இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தன வீடு. கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பிளாஸ்டிக் மூடி, அதன் மறுமுனையில் மருந்துக் குப்பி. அப்பா வேதரத்தினம் குப்பியை ஒரு தடவை அழுத்துவார். அவள் மெல்ல இழுத்து விடுவாள். ஆஸ்துமா அவளை அந்த வயதில் படாத பாடு படுத்தியது.

அரசாங்கம் ரூபாய் பட்ஜெட்டுக்குப் பக்கத்திலேயே கரி பட்ஜெட்டையும் சட்டசபையில் வைக்கத் தொடங்கிய ஆண்டு அது. எந்தத் துறை எவ்வளவு பணம் செலவழிக்கலாம் என்பதோடு, எவ்வளவு புகை விடலாம் என்பதற்கும் ஒதுக்கீடு. ஒதுக்கியது தீர்ந்தால் அடுத்த ஏப்ரல் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வீடுகளுக்கும் அப்படியே. குடும்பத்துக்கு ஓர் அட்டை, அட்டையில் மாதாமாதம் கரிப்புள்ளிகள். வேதரத்தினம் நிதித்துறையில் உதவிப் பிரிவு அலுவலர். வீட்டிலும் எந்நேரமும் அதே பேச்சு. காதில் விழுந்ததை வைத்துக் குழந்தை கேட்டுவிட்டாள்.

"மூச்சு சாமி கணக்குடா கண்ணு. அதுல நாங்க கை வைக்க மாட்டோம்" என்றார்.

அது பொய்யில்லை. நாம் தின்கிற சோறு காற்றிலிருந்து எடுத்ததைத்தான் மூச்சு காற்றுக்கே திருப்பித் தருகிறது. அதை எந்த அரசாங்கமும் எண்ணுவதில்லை. ஆனால் அவள் கையிலிருந்த குப்பியில் மருந்தைத் தள்ளிவிடுகிற வாயு கணக்கில் உண்டு. ஒரு குப்பி காலியாவதற்குள் காற்றைச் சூடாக்குவதில் ஒரு மூட்டை நிலக்கரியின் வேலையைப் பார்த்துவிடும் சாதி அது. அதை அவர் மகளிடம் சொல்லவில்லை. ஆறு வயதுக்கு அது அதிகம்.

முப்பது வருஷம் ஓடிவிட்டது. கடல் சென்னைக் கோட்டையை நெருங்கியதால் தலைமைச் செயலகம் திருச்சிக்கு வந்து, அதுவும் பழகிப்போயிற்று. வேதரத்தினம் இப்போது சார்புச் செயலாளர்; மே மாதக் கடைசியில் ஓய்வு. யாழ்மொழியை வளர வளர ஆஸ்துமா விட்டுவிட்டது. புதுச்சேரியில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறாள். தண்ணீருக்கடியில் மூச்சடக்கி அவள் இருக்கிற நேரத்தைப் பார்த்தால் பெற்றவர்களுக்குத்தான் மூச்சு முட்டும்.

அந்த ஆண்டை எல்லோரும் சுழி ஆண்டு என்றார்கள். தமிழ்நாடு விடுகிற கரியும், காடுகளும் கடலோர அலையாத்திகளும் உள்ளிழுக்கிற கரியும் சரிக்குச் சரியாகி, நிகரம் சுழி, அதாவது பூஜ்யம், என்று நிதியமைச்சர் சபையில் வாசிக்கப்போகிற ஆண்டு. ஊரெல்லாம் தோரணம் கட்டக் காத்திருந்தது. "எல்லா ஃபைலும் பிள்ளையார் சுழியில ஆரம்பிக்கும், நம்ம ஃபைல் சுழியில முடியுது" என்று பிரிவில் யாரோ ஆரம்பித்து வைத்தது, சட்டசபை கேன்டீன் வரை போய்விட்டது.

வேதரத்தினத்துக்கு என்னவோ பழைய நாட்களே நினைவுக்கு வந்தபடி இருந்தன. முதல் வருஷம் 'கரி' பட்ஜெட் என்றதும் ஓர் உறுப்பினர் எழுந்து, கறியில் ஆட்டுக்கு எவ்வளவு, கோழிக்கு எவ்வளவு என்று கேட்டு, சபையே சிரித்தது. அண்ணா சாலையில் பெட்ரோல் வாடை இருந்தது. மழை விட்டதும் பேருந்துகளின் கரும்புகை ஈரத்தோடு சேர்ந்து ஒரு மணம் வரும். நல்ல மணம் என்று சொல்ல முடியாது; ஆனால் யாழ்மொழியைத் தோளில் போட்டுக்கொண்டு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடிய அத்தனை தடவையும் கூட வந்த மணம். மகளைத் திணறவைத்த புகை அதுதான். அதை எப்படி ஏங்கி நினைக்கிறோம் என்று அவருக்கே வெட்கமாக இருக்கும். நெற்றியில் திருநீறு பூசும்போது அந்த வெட்கத்தையும் சேர்த்துச் சாமியிடம் சொல்லிவிடுவார்.

பிப்ரவரியில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன், காக்கிச் சீருடையில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் அமலி. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து லால்குடிக்கு மின்பஸ் ஓட்டுகிறவள். சுகாதாரத் துறையில் மூன்று மேசை சுற்றி, கடைசி மேசைக்காரர் "நிதித்துறை போட்ட சுழிம்மா, அங்க போய்க் கேளு" என்று அனுப்பிவைத்திருக்கிறார். வருகிற ஏப்ரல் ஒன்றிலிருந்து வாயுக் குப்பி மருந்து அரசு மருந்தகத்தில் கிடையாது, பொடி மருந்து மட்டும்தான் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. அவள் மகள் ஜோவிட்டாவுக்கு நான்கு வயது.

வேதரத்தினம் அவளை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"பொடிய உறிஞ்சி இழுக்கணும் சார். வேகமா இழுத்தாத்தான் உள்ள போகும். அவ்ளோ மூச்சு இருந்தா எதுக்கு சார் மருந்து? வீட்டுல மெஷின் இருக்கு, அது புகை போட கால் மணி ஆகும். பாலர் பள்ளியில, பஸ்ஸுல, மாதா கோயில்ல வந்துச்சுன்னா?"

"இந்தக் குப்பிக்கு யாரும் தடை போடலையேம்மா" என்றபடி அவர் திரையில் சுகாதாரத் துறையின் கரி ஒதுக்கீட்டைத் திறந்தார். வாயுக் குப்பிகளுக்கான தலைப்பு இருந்தது. எதிரே சுழி இருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "பட்ஜெட்ல எல்லாம் ஆயிரம் டன் கணக்கும்மா. ஐநூறுக்கு மேல இருந்தா ஒண்ணுன்னு ஏறும், கீழ இருந்தா சுழின்னு இறங்கும். ரூபாய்ல அப்படி இறங்கினா ஒண்ணும் கெட்டுப்போகாது, மொத்தத்துல சரிக்கட்டிக்கலாம். கரியில சுழின்னா அனுமதி இல்லைன்னு அர்த்தம். மருந்தகத்து மெஷின் குப்பிய வெளிய விடாது."

"போன வருஷம் விட்டுச்சே?"

"போன வருஷம் நோயாளிங்க கொஞ்சம் அதிகம். கணக்கு ஐநூறு டன்னைத் தாண்டிடுச்சு. இப்ப காத்து சுத்தமாயிடுச்சில்ல? ஆஸ்துமா குறைஞ்சிடுச்சு."

அமலி அவரையே பார்த்தாள். "அப்ப எங்கள மாதிரி இன்னும் நாலு பேரு கஷ்டப்பட்டிருந்தா, எங்க புள்ளைங்க உங்க கண்ணுல பட்டிருக்கும்."

சொந்த அட்டைப் புள்ளி கொடுத்தால் குப்பி வாங்கலாம் என்று விதி இருக்கிறதே என்றார். இருக்கிறது, ஒரு குப்பிக்கு அவளுடைய மாதப் புள்ளியில் முக்கால்வாசி போய்விடும் என்றாள் அவள். மின்சாரமும் பஸ்ஸும் கரியில்லாமல் ஓடுகிற காலத்தில் புள்ளி பாலுக்கும் தயிருக்கும் அரிசிக்கும்தான் போகிறது. மாட்டு வயிறும் வயல் சேறும் விடுகிற வாயுவை யாராலும் நிறுத்த முடியவில்லை. இடையில் ஒரு மாதம் மருந்தகத்துக்குச் சரக்கு வராதபோது வெளிக்கடையில் அப்படித்தான் சமாளித்தாளாம். வேதரத்தினம் சட்டென்று தன் அட்டையை எடுத்தார்.

"வேணாம் சார்" என்றாள் அமலி. கோபமில்லாமல்தான் சொன்னாள். "எனக்குக் குடுத்துட்டு நீங்க நிம்மதியா போயிடுவீங்க. என்னை மாதிரி திருச்சியிலேயே எத்தனை பேரு. நீங்க ஆர்டர் போடற இடத்துல உக்காந்திருக்கீங்க, ஆர்டர் போடுங்க."

அவள் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.

நிதித்துறைச் செயலாளர் மதுரவல்லி கெட்டிக்காரர், நேர்மைக்குப் பெயர் போனவர். ஒரே பலவீனம் காப்பி. கும்பகோணத்துப் பசும்பாலில் கெட்டியாகப் போட்ட டிகிரி காப்பி ஒரு நாளைக்கு நான்கு தடவை வர வேண்டும். தன் கரிப்புள்ளி மொத்தமும் டம்ளரில்தான் கரைகிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அன்றும் மேசையில் நுரையோடு டம்ளர் இருந்தது. வேதரத்தினம் விஷயத்தைச் சொல்லி, பழைய பட்ஜெட் வழக்கத்தை நினைவூட்டினார். செலவே இல்லாத தலைப்பாக இருந்தாலும் அது செத்துவிடாமலிருக்க ஆயிரம் ரூபாய் எழுதிவைப்பார்கள். அடையாள ஒதுக்கீடு என்று பெயர். அதுபோல வாயுக் குப்பிக்கு ஒன்று என்று எழுதிவிட்டால் தலைப்பு பிழைத்துக்கொள்ளும்.

"எழுதினா மொத்தக் கணக்கு எங்க போய் நிக்கும், சார்?" என்று கேட்டார் மதுரவல்லி. வயதுக்கு மரியாதை கொடுத்து அவரை எப்போதும் சார் என்றுதான் கூப்பிடுவார்.

"ஒண்ணுல, மேடம்."

"ஒண்ணு சுழி இல்ல."

"குழந்தைங்க, மேடம்."

மதுரவல்லி டம்ளரைத் தள்ளிவைத்தார். "எங்கப்பா கரும்பு ஆலையில எடை போடறவர். நான் காலேஜ் முடிச்ச வருஷம் அந்தக் கோடை வந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நிழல்லதான் உக்காந்திருந்தார். தண்ணியும் குடிச்சிருக்கார். காத்துல அவ்வளவு ஈரம், வேர்வை காயவே இல்ல. உக்காந்தபடியே போயிட்டார். அந்த ஒரு வாரத்துல அந்த ஆலையில மட்டும் எத்தனை பேர்னு எனக்குத் தெரியும். என்னிக்காவது ஒரு நாள் சுழின்னு வாசிக்கறதைக் கேக்கணும்னுதான் சார் நான் இந்த நாற்காலிக்கு வந்தேன். இந்த வருஷம் ஒண்ணுன்னு விட்டா, அடுத்த வருஷம் சிமெண்ட் கம்பெனிக்காரன் வந்து எனக்கும் ஒண்ணும்பான். எல்லார் கையிலயும் ஒரு குழந்தை போட்டோ இருக்கும்."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. கொடுமைக்காரரோடு சண்டை போடலாம். நியாயத்தோடு எப்படிச் சண்டை போடுவது? வேதரத்தினம் படியிறங்கும்போது மலைக்கோட்டை ஜன்னலில் தெரிந்தது. தாயுமானவரே, தாய்க்குத் தாயாக வந்தவர் நீர், உமக்குத் தெரியாததில்லை என்று மனசுக்குள் முறையிட்டுக்கொண்டே தன் அறைக்கு வந்தார்.

அன்று மாலைதான் ரஹ்மத் அக்காவின் ஞாபகம் வந்தது.

ரஹ்மத்துன்னிசா என்பது முழுப்பெயர். சென்னைக் கோட்டையில் இருந்த காலத்தில் சம்பளப் பட்டியல் பிரிவில் வேலை பார்த்தவர். விதவை, தனியாள், கத்தரிக்கோல் வாய். திருவல்லிக்கேணியிலிருந்து கோட்டைக்குத் தினமும் நடந்தே வருவார். அந்த நாளில் பேருந்துக்கும் மின்விசிறிக்கும் அடுப்புக்கும் புள்ளி போய்க்கொண்டிருந்தது. அவரோ அடுப்பு மூட்டாமல் காலையில் ஊறவைத்த அவலும் மத்தியானம் வாழைப்பழமுமாகக் காலம் தள்ளினார். பிரிவில் அவருக்குக் கஞ்சப் பிசினாறி என்று பெயர். "அக்கா, இவ்வளவு புள்ளியும் சேர்த்து என்ன பண்ணப்போறீங்க, கபர்ல ஏசி போடவா?" என்று வேதரத்தினமே ஒரு தடவை கேட்டார். "ஆமாண்டா வேதம். உனக்கும் பக்கத்துல இடம் புடிச்சு வெக்கிறேன். புழுங்குதுன்னு நடுவுல எந்திரிச்சுப் போயிடாத" என்றார் அக்கா. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

யாழ்மொழி மாதத்துக்கு இரண்டு குப்பி இழுத்த காலம் அது. நியாயப்படி வேதரத்தினத்தின் அட்டை பத்தாம் தேதியே வறண்டிருக்க வேண்டும். ஆனால் மருந்துக்கடையில் குழந்தையின் பெயரைச் சொன்னால் புள்ளி கேட்காமலே குப்பி வந்தது. இந்த இடத்தில் நிதித்துறைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்றை அவர் செய்தார். ஏதோ அரசாணை வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். குழந்தைகளுக்குச் சலுகை கொடுத்து எந்தத் துறையோ ஆணை போட்டிருக்கும். தேடினால் எண்ணும் தேதியும் கிடைக்கும். இரக்கம் என்று ஒன்று இந்த உலகத்தில் நடந்தால் அதற்கு அடியில் ஒரு கையெழுத்து இல்லாமலா போகும்? ஓய்ந்த நேரத்தில் தேடியும் பார்த்தார். கிடைக்கவில்லை. அகப்படாத அரசாணைகள் எத்தனையோ, அதில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டார்.

பல வருஷம் கழித்து, மருந்துக்கடைக்காரர் கடையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகும்போதுதான் சொன்னார். அரசாணையும் இல்லை, ஒன்றும் இல்லை. மாதப் பிறப்பன்று ஓர் அம்மா வருவார், முக்காடு போட்ட அம்மா, அட்டையைத் தேய்த்துப் பாதிக்கு மேல் குழந்தை பெயரில் ஏற்றிவிட்டுப் போவார். சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார் என்றார். அப்போது ரஹ்மத் அக்கா மண்ணுக்குள் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. வேதரத்தினம் ராயப்பேட்டை அடக்கஸ்தலத்துக்குப் போய்ப் பார்த்தார். எந்த இடம் என்று காட்ட அக்காவுக்கு உறவென்று யாரும் இல்லை. வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார். எந்தக் கடனையும் மறுநாளைக்கு வைக்காத மனிதர் அவர். இந்தக் கடனை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

இப்போது, இருட்டிக்கொண்டு வரும் அறையில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்று உறைத்தது. ரஹ்மத் அக்கா செய்தது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஏனென்றால் அது சின்னது. ஐநூறுக்குக் கீழே இருக்கிற கெடுதல் சுழியாக விழுகிறது என்றால், ஐநூறுக்குக் கீழே இருக்கிற நல்லதும் அப்படித்தானே விழுந்துகொண்டிருக்கும்?

அவர் மறுநாள் காலை முதல் வேலையாக மறுபக்கக் கணக்கைத் திறந்தார். காடுகளும் அலையாத்திகளும் உள்ளிழுக்கிற கரியின் பக்கம். பெரிய காடுகள், பெரிய சதுப்புகள் எல்லாம் ஆயிரம் டன்களில் வரிசையாக நின்றன. அவற்றுக்குக் கீழே, துறைவாரியாக, சுழி சுழி சுழி என்று ஓடியது. ஒவ்வொன்றையும் திறந்தார். போக்குவரத்துத் துறைப் பணிமனைகளில் ஓட்டுநர்கள் வைத்த புங்கமரங்கள். கோயில் நந்தவனங்கள். பள்ளிவாசல் அடக்கஸ்தலங்களின் வேம்பு. மாதா கோயில் வளாகத்துப் புளி. ரேஷன் கடைக்குப் பின்னால் யாரோ ஊன்றிய பூவரசு. பொதுப்பணித் துறை ஏரிக்கரைகளில் பனை. எல்லாவற்றையும் வருஷாவருஷம் செயற்கைக்கோள் அளந்திருந்தது. எல்லாம் ஐநூறுக்குக் கீழே என்று கணக்கு தள்ளிவிட்டிருந்தது. நட்டவர்கள் யாரும் சுழிக் கணக்குக்காக நடவில்லை. நிழலுக்கு நட்டார்கள், நேர்த்திக்கடனுக்கு நட்டார்கள், செத்துப்போன பிள்ளையின் நினைவுக்கு நட்டார்கள்.

கூட்டிப் பார்த்தார். ஒன்று வந்தது.

மதுரவல்லி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். வெவ்வேறு துறையின் மரங்களை ஒன்றாகக் கூட்ட விதியில் இடமில்லை. ஒரே ஒரு தலைப்பில் மட்டும் கூட்டலாம்.

"இதர இனங்கள்" என்றார் வேதரத்தினம்.

"அதை மூடினதே நான்தான் சார். திருட்டுக் கணக்கு பூரா அதுலதான் வந்து ஒளிஞ்சுது."

"ஒளியற இடம்னா திருடனும் வருவான், மேடம். மழைக்கு ஒதுங்க இடமில்லாதவங்களும் வருவாங்க. ரெண்டாவது ஆளுக்காகத் திறந்து வைக்கலாம். முதல் ஆளைப் பிடிக்கத்தான் நீங்க இருக்கீங்களே."

மதுரவல்லி சிரிக்கவில்லை. "சரியா ஒண்ணா?"

"ஒண்ணுக்கு மேல கொஞ்சம்."

"அந்தக் கொஞ்சம்?"

"கணக்குல விழாம போயிடும், மேடம்."

இதற்குச் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேனாவை எடுத்து, விடுகிற பக்கத்தில் வாயுக் குப்பிக்கு எதிரே ஒன்று என்றும், இழுக்கிற பக்கத்தில் இதர இனங்களுக்கு எதிரே ஒன்று என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே மொத்தம் அசையவில்லை. சுழி சுழியாகவே இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. மூடிய தலைப்பை மறுபடி திறந்தால் அது நடைமுறைக்கு வர ஜூன் ஆகிவிடும். அதற்கு முன்னால் மருந்தக இயந்திரம் புள்ளி வாங்காமல் குப்பியை விடாது. ஏப்ரலும் மேயும் இடைவெளி. அதைக் குறைக்க முடியுமா என்று இரண்டு பேரும் ஒரு வாரம் முட்டிமோதினார்கள். முடியவில்லை. வேதரத்தினம் அமலிக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னார். மறுமுனையில் பஸ் மணி ஒலித்தது.

"ஜூன்லேர்ந்து எல்லாப் புள்ளைங்களுக்குமா சார்?"

"எல்லாருக்கும்மா."

"அப்ப ரெண்டு மாசம்தானே. நான் பாத்துக்கறேன். தயிர் இல்லாட்டி எனக்கு உசுரா போயிடும்?" என்றாள். பிறகு, "நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மார்ச் நடுவில் நிதியமைச்சர் சபையில் எழுந்து நிகர வெளியீடு சுழி என்று வாசித்தார். கட்சி பார்க்காமல் எல்லோரும் எழுந்து நின்று மேசையைத் தட்டினார்கள். அலுவலர்கள் மாடத்தில் வேதரத்தினம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இதற்காக ஊறவைத்ததைத் தின்று நடந்தே திரிந்து, இதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வெளியே மலைக்கோட்டையிலும் மாதா கோயிலிலும் மணியடித்தார்கள். பள்ளிவாசலில் சர்க்கரை வழங்கினார்கள். இதர இனங்கள் என்ற வரியை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்காமலிருந்ததே நல்லது என்று அவருக்குப் பட்டது.

ஏப்ரல் பிறந்ததும் ஒரு கோப்பு விஷயமாகச் செயலாளர் அறைக்குப் போனார். மதுரவல்லி அவருக்கும் சேர்த்துக் காப்பி சொன்னார். வந்தது வரக்காப்பி, இரண்டு டம்ளரிலும் கறுப்பாக இருந்தது.

"பால் ஒத்துக்க மாட்டேங்குது சார், கொஞ்ச நாளா" என்றார் மதுரவல்லி, கோப்பிலிருந்து தலையெடுக்காமல்.

வயது அப்படி, மேடம் என்று ஏதோ சொல்லிவைத்துவிட்டு வந்தார் வேதரத்தினம்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் குடையை எடுத்துக்கொண்டு சத்திரம் பக்கம் இருக்கிற அரசு மருந்தகத்துக்கு நடந்தார். வெயிலுக்குத் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. மருந்தகம் இடைவேளைக்குச் சாத்தியிருந்தது. வாசலில் இருந்த இயந்திரம் மட்டும் விழித்திருந்தது. அமலி நேரில் வாங்கமாட்டாள் என்று தெரியும். புள்ளியைக் குழந்தை பெயரில் ஏற்றிவிட்டால் அவளால் என்ன செய்ய முடியும்? மனைவி கோமதியிடம் இனிமேல் வீட்டில் பால் வேண்டாம், டாக்டர் சொல்லிவிட்டார் என்று காலையிலேயே ஒரு பொய் சொல்லி, அதற்கு "எந்த டாக்டர்?" என்று கேள்வியும் வாங்கியாகிவிட்டது.

அட்டையைத் தேய்த்தார். ஜோவிட்டா, நான்கு வயது, திருச்சிராப்பள்ளி என்று தேடினார். பெயர் வந்தது. பக்கத்திலேயே பச்சை எழுத்தில், 'ஜூன் வரை நிறைவு. அளித்தவர் பெயர் தெரிவிக்க விரும்பவில்லை' என்று இருந்தது.

வேதரத்தினம் அதை மறுபடி படித்தார். கறுப்பாக இரண்டு டம்ளர் கண்முன் வந்து போயின. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. யோசிப்பது மரியாதையில்லை என்று தோன்றியது.

இன்னொருவருக்கு அளிக்க விருப்பமா என்று இயந்திரம் கேட்டது. ஆம் என்றார். புள்ளி போதாத குழந்தைகளில் ஒரு பெயரைத் திரையில் காட்டியது. முத்துக்குமாரி, வயது மூன்று, துறையூர். முகம் இல்லை, பெயரும் ஊரும் மட்டும். அவர் அந்த ஊருக்குப் போனதில்லை. இனி போகப்போவதும் இல்லை.

ஏப்ரலுக்கும் மேக்கும் சேர்த்து ஏற்றினார். பெறுபவருக்குத் தெரிவிக்கலாமா என்றது. வேண்டாம் என்றதை அழுத்தினார். திரை அணைந்தது. தெருவை இருபுறமும் ஒரு தடவை பார்த்தார், யாரும் இல்லை. குடையை விரித்துக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்ப நடந்தார்.